உப்பில்லாத வத்தல்

அருள்புரம்
வைகாசி, ஞாயிற்றுக்கிழமை

அன்பும் மரியாதையும் மிகுந்த நங்கைக்கு,

உங்கள் தம்பி பெண்சாதி அனிதா வணங்கி எழுதுவது. இங்கே உங்கள் தம்பி, நான், மகள் ஆஷா மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். ‘சுகம்’ என்ற சொல்லைப் பயமில்லாமல் எழுத முடிகிறதே, அது உங்களால்தான். இப்படி எழுதினால் திட்டுவீர்கள் என்று தெரியும். திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அங்கே உங்கள் வீட்டு அண்ணனுக்கு முட்டி வலி தேவலையா? முருங்கை இந்த வருஷம் நல்ல காய்ப்பு என்று, மூலனூரிலிருந்து லோடு கொண்டுவருகிற டெம்போக்காரர் தங்கதுரை சொன்னார். சந்தோஷம்.

கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் இந்தப் பேச்சை எடுத்தாலே உங்களுக்கு அடுப்பில் பால் பொங்கிவிடுகிறது. காகிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது பாருங்கள்.

உங்கள் தம்பிக்குப் போன வாரம் எடுத்த டெஸ்டில் எல்லாம் நல்லபடியாக வந்திருக்கிறது. நீங்கள் கொடுத்த கிட்னி குறையில்லாமல் வேலை செய்கிறது என்று டாக்டரம்மாவே சந்தோஷப்பட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் அரை நாள் பனியன் கம்பெனிக்குப் போய் வருகிறார். முன்னைப் போல நாளெல்லாம் கட்டிங் டேபிளில் நிற்பதில்லை, உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பதோடு சரி. என் ரத்தம் அவருக்குச் சேராது, என் கிட்னி ஆகாது என்று சொன்ன அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அழுதுகொண்டிருந்தேன். நீங்கள் வந்து, “அழுவாத கண்ணு, எனக்கு ரெண்டு இருக்குதில்ல” என்றீர்கள். வீட்டில் ரெண்டு குடம் இருக்கிறது, ஒன்றை எடுத்துக்கொள் என்பது போலச் சொன்னீர்கள். சோறு பிசையும்போதெல்லாம் அது என் காதில் விழுகிறது.

தோட்டத்துச் சேதிக்கு வருகிறேன். வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தை ஓனர் எங்களையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அங்கே இருந்த மாமரம் இந்தக் கோடையில் கிளை முறியக் காய்த்தது. நானும் ஆஷாவும் போட்ட கொத்தவரையும் மணத்தக்காளியும் பறிக்கப் பறிக்கத் தீரவில்லை. அக்கம்பக்கம் கொடுத்தது போக வீடு முழுக்கக் காய். லீவு நாளெல்லாம் ஊறுகாயும் வத்தலுமாக ஓடியது. உங்கள் தம்பி மண்ணைத் தொடக்கூடாது என்பதால் நறுக்குகிற வேலை அவருக்கு. மாங்காயைக் கம்பெனிச் சாக்பீஸால் கோடு போட்டுத்தான் வெட்டுகிறார், வேஸ்ட் விழக்கூடாதாம். “ஸ்மால், மீடியம், லார்ஜ் எல்லாம் தனித்தனியாப் போடோணுங்களாப்பா?” என்று ஆஷா கேட்கிறாள். சாக்பீஸைக் கழுவி எடுப்பதற்குள் என் கைதான் ஓய்ந்துபோனது.

அவருக்கு ஊறுகாய் ஆகாது, உப்பே பத்தியம். பின்னே யாருக்காக இத்தனை பாடு என்று கேட்டேன். கொத்தவரங்காயிலும் மணத்தக்காளியிலும் ஒரு பங்கைத் தனியாக எடுத்து, “இதுல உப்புப் போடாத, அக்காளுக்கும் உப்பக் குறைக்கச் சொல்லீருக்குறாங்க” என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

உப்பில்லாத வத்தலுக்கு வெயில் அதிகம் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. முதல் தடவை அவரே ஒரு நல்ல பனியன் துணி கொண்டுவந்து மொட்டைமாடியில் விரித்துக் காயப்போட்டார். மூன்று பேரும் வேலைக்குப் போய்விட்டோம். சாயங்காலம் வந்து பார்த்தால், இரண்டு ஓரமும் பாய் சுருட்டினது மாதிரிச் சுருண்டு, வத்தல் எல்லாம் உள்ளே மாட்டி வெந்துகொண்டிருக்கிறது. பிரிப்பதற்குள் கோடை மழையும் கொட்டிவிட்டது. அத்தனையும் பூசணம் பிடித்து வீணாய்ப் போனது. “சிங்கிள் ஜெர்சித் துணி ஓரம் சுருளும்னு புதுசா வர்றவங்களுக்குச் சொல்லித் தர்றதே நீங்கதானுங்களேப்பா” என்றாள் ஆஷா. மனுஷன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சித்திரைக்குப் பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சித்திரையில் நடந்ததை நான் கிளறக்கூடாதுதான். அவர் எடுத்தனுப்பின சீர்ச்சேலையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினீர்கள். கிட்னிக்குத் தம்பி வீட்டில் என்ன கொடுத்தார்கள் என்று ஊரில் கேட்கிறார்கள், இனி அவனிடம் ஒரு குண்டுமணி வாங்கினாலும் விற்றதாகப் போய்விடும் என்று சொல்லியும் அனுப்பினீர்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கேட்டவர்கள் மேல் இருக்கிறது, அது நிறையவே இருக்கிறது.

ஆனால் அவர் படும் பாட்டையும் பாருங்கள். அவர் வருகிறேன் என்றாலும் எதையும் கொண்டுவரக்கூடாது என்கிறீர்கள். “வெறுங்கையோட எப்படி அக்கா ஊட்டு வாசப்படி ஏறுறது?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். டாக்டரம்மா ஊர்ப்பயணத்துக்கு அனுமதி கொடுத்தும் கிளம்பவில்லை. உயிரைக் கொடுத்த கூடப்பிறந்தவளுக்கு ஒரு முழம் பூக்கூட வாங்கிக் கொடுக்க முடியாதவன் என்ற நினைப்பு அவரை அரிக்கிறது. வாயைத் திறந்து சொல்லமாட்டார். நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

இரண்டாம் தடவை காய்த்ததைப் பறித்து நறுக்கி, சுருளாத நெய்த வேட்டியில் காயப்போட்டோம். முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, காக்கை விரட்டப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நிழலுக்குப் போங்கள் என்றால் கேட்கவில்லை. இந்தத் தடவை நொறுங்குகிற பதத்துக்குக் காய்ந்திருக்கிறது. இதில் கடையில் வாங்கினது ஒன்றும் கிடையாது. நீங்கள் கொடுத்த தெம்பில் நறுக்கிக் காயவைத்தது. இதை வாங்கிக்கொண்டால் விற்றதாகாது என்று என் சிற்றறிவுக்குத் தோன்றுகிறது. வத்தல் டப்பாக்களோடு அண்ணனுக்கு ஒரு ஜாடி மாங்காய் ஊறுகாயும் வைத்திருக்கிறேன். அதில் உப்பு உண்டு, நீங்கள் தொடவேண்டாம். நல்லெண்ணெயில் வறுத்துக் குழம்பில் போட்டால் இந்த வத்தலில் உப்பில்லாதது தெரியாது.

பையைத் தங்கதுரையிடம் கொடுத்தனுப்புகிறேன். அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆஷாவை ஆசீர்வதியுங்கள்.

இதையும் வேண்டாம் என்று தோன்றினால் தாராளமாகத் திருப்பிவிடுங்கள் நங்கை. நான் வருத்தப்படமாட்டேன். ஆனால் டெம்போவில் போட்டு அனுப்பவேண்டாம். நீங்களே எடுத்துக்கொண்டு வந்து உங்கள் தம்பி கையில் கொடுங்கள். ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு அவர் இன்னும் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

உங்கள் ஆசியோடு வாழ்கிற,
அனிதா