பதினான்காம் கல்லில் ஒரு வெடிப்பு

புதன்கிழமை இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. தேர்வு எப்படிப் போனது, விடுதியில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்கு முன் வேறொன்று சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாமல் இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை.

சைக்கிள் விளக்கைக் கழற்றிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பேனாவால் எழுதினால் கீறும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும் என்று பென்சிலால் எழுதுகிறேன். அப்பாவின் காது எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். உனக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைப்பது பத்து நிமிடம். ஸ்பீக்கர் போட்டிருக்கும், அப்பா பக்கத்திலேயே இருப்பார், அதில் எட்டு நிமிடம் அவருடைய ஜோக்குக்கே போய்விடும்.

மழைக்காலம் முழுக்க மூடிக்கிடந்த ஆற்றோரக் காட்டுப் பாதையை இந்தச் சனிக்கிழமை திறக்கிறார்கள். நாற்பத்திரண்டு பேர் பதிந்திருக்கிறார்கள். எல்லோரும் சைக்கிள் சக்கரத்தின் இரண்டு பக்கமும் பை கட்டி, கூடாரம் சுருட்டி வைத்து, முப்பத்தொரு கிலோமீட்டரும் ஓட்டிப் போகிறவர்கள். மோட்டார் வண்டி நுழையாத பாதை, குழந்தைகளோடு நிம்மதியாக வரலாம் என்று பாதை அலுவலக அறிவிப்பில் போட்டிருக்கிறது. அதை நம்பி இரண்டு குடும்பம் கைக்குழந்தையைப் பின்வண்டியில் உட்கார வைத்து இழுத்துக்கொண்டு வரப்போகிறார்களாம்.

திறப்பதற்கு முன் பாதைக் காவலர் முழுப் பாதையையும் ஓட்டிப் பார்த்துத் தாளில் எழுதித் தர வேண்டும் அல்லவா. திங்கட்கிழமை அப்பா கிளம்பினார். எங்கள் வகுப்பறையில் தண்ணீர் நின்றதால் பள்ளி இல்லை, நானும் அவர் பின்னால் போனேன். காடு நன்றாகத்தான் இருந்தது. இலையெல்லாம் கழுவி வைத்த மாதிரி. இடது பக்கம் ஆறு மட்டும் இன்னும் கலங்கி, பாதைக்கு மிகப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

பதினோராம் கிலோமீட்டர் கல்லைத் தாண்டியதும் ஒரு பெரிய வேர் இருக்குமே, நீ விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்ட இடம். அந்த வேர் இப்போது இல்லை. அப்பா காய்ச்சலில் படுத்திருந்த வாரம் வேறு ஆட்கள் வந்து தோண்டி எடுத்து மண் போட்டுச் சமமாக்கிவிட்டார்கள். அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அங்கே வந்ததும் அப்பா வேகத்தைக் குறைத்து, வலது பக்கம் ஒதுங்கி, இல்லாத வேரை அழகாகச் சுற்றிக்கொண்டு போனார்.

என்னைச் சிரிக்க வைக்கச் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் நெருங்கிப் போனபோது முணுமுணுப்பது கேட்டது. பாட்டு இல்லை. எண்ணிக்கொண்டிருந்தார். நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பதின்மூன்று. பெடலை எண்ணுகிறார் அக்கா. கல்லுக்குக் கல் இத்தனை மிதி என்று எண்ணிக்கொண்டுதான் வளைகிறார்.

பதினான்காம் கல்லுக்கு அந்தப் பக்கம் பாதையில் ஒரு வெடிப்பு. குறுக்கே இல்லை, நீளவாக்கில். நகத்தைப் பதித்தது போல வளைந்து, ஆற்றுப் பக்கத்தையே தனியாகப் பிரித்துக்கொண்டு பத்தடி தூரம் போகிறது. அகலம் இரண்டு விரல் இருக்கும். அப்பா அதன் மேலேயே ஓட்டிக்கொண்டு போனார். அவர் போன பிறகு மண் உள்ளே உதிர்வது எனக்குக் கேட்டது. நான் இறங்கி ஒரு குச்சியை விட்டுப் பார்த்தேன். என் கை நீளக் குச்சி முழுதும் உள்ளே போய்விட்டது. வேரைப் பிடித்துக் கீழே தண்ணீர் ஓரத்துக்கு இறங்கிப் பார்த்தால், பாதைக்கு அடியில் மண்ணே இல்லை. குகை மாதிரி இருக்கிறது. மேலே வேர்கள் தொங்குகின்றன, அவற்றின் மேல்தான் பாதை நிற்கிறது. அப்பா தூரத்திலிருந்து, "ஏய் சுண்டெலி, எங்க பதுங்கிட்ட?" என்று கூப்பிட்டார். செருப்பில் மண் போய்விட்டது என்று பொய் சொன்னேன்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல அவர் சொல்லச் சொல்ல நான் தாளில் எழுதினேன். உன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கு, நீயே எழுது என்று சொல்வாரே, அப்படி. தரை, கரை, மரம், பாலம் என்று நான்கு கட்டம். பதினான்காம் கல்லுக்கு வந்ததும், "தரை நன்று, கரை நன்று, எழுதிக்கோ" என்றார். என் பென்சில் நின்றுவிட்டது. "என்ன, தூங்கிட்டியா?" என்று கேட்டுச் சிரித்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, எனக்கு அரை அடி இந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தார். நான் நன்று, நன்று என்று இரண்டு கட்டத்திலும் எழுதினேன். பிறகு அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தேன். எப்போதும் அப்படித்தான் வைக்கிறேன். எதற்கு வைக்கிறேன் என்று அதுவரை யோசித்ததே இல்லை.

நேற்றுத் தாள் அலுவலகத்துக்குப் போய்விட்டது. நேற்று இரவு சாப்பிடும்போது வெடிப்பைப் பற்றி மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "மழை விட்டா மண்ணு வெடிக்கத்தான் செய்யும். பத்தொன்பது வருசமா அந்தப் பாதையில உருள்றேன், இறக்கத்துல ரெண்டு பிரேக்கையும் பிடிச்சுட்டு அழற ஆளு எனக்கு மண்ணப் பத்திப் பாடம் எடுக்குது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதன்பின் சாப்பாட்டில் கை வைக்கவே இல்லை.

அக்கா, நீ பழைய டியூபை வெட்டி வளைவுக்கு வளைவு மரத்திலும் கல்லிலும் கட்டி வைத்தாயே. எதற்கு என்று கேட்டபோது, பயணிகளுக்கு அழகாக இருக்கும் என்றாய். திங்கட்கிழமை திரும்பும்போது அவற்றைக் கவனித்துப் பார்த்தேன். எல்லாமே அப்பாவின் கை உரசுகிற உயரத்தில்தான் இருக்கின்றன.

இதற்கு மேல் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இந்த வீடு வேலையோடு வந்தது என்பதும், வேலை போனால் உன் படிப்பும் நின்றுவிடும் என்பதும் எனக்கும் தெரியும். ஆனால் கண்ணை மூடினால் அந்தக் கைக்குழந்தை வண்டிதான் வருகிறது. அந்த நன்று என் கையெழுத்து.

வெள்ளிக்கிழமை இரவு

அக்கா, புதன்கிழமை எழுதியதை நான் தபாலில் போடவில்லை. போட்டாலும் சனிக்கிழமைக்குள் உனக்கு வராது. அதனால் இதிலேயே தொடர்கிறேன்.

நேற்றுப் பள்ளி விட்டதும் தனியாகப் போய்ப் பார்த்தேன். வெடிப்பு மூன்று விரல் ஆகியிருந்தது. ஆற்றுப் பக்கத்துத் துண்டு கொஞ்சம் தாழ்ந்தும் இருந்தது. நான் அங்கே ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. நான் நிற்பதாலேயே விழுந்துவிடும் போலிருந்தது.

இன்று பள்ளிக்குப் போகாமல் பாதை அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரிகளில் விசில் சார் மட்டும்தான் இருந்தார். கழுத்தில் தொங்கும் விசிலை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நாளைக்கு வருகிறவர்களுக்கான எண் அட்டைகளில் ஊக்கு குத்திக்கொண்டிருந்தார். நான் வெடிப்பையும் குகையையும் சொன்னேன். முழுதும் உள்ளே போன அந்தக் குச்சியையும் காட்டினேன். அவர் அலமாரியிலிருந்து நம் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். "இதுல நன்றுன்னு இருக்கே பாப்பா" என்றார். பிறகு அவரே கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "உங்கப்பா கண்ணுல இது தப்பியிருக்காது. அவரு சரியாத்தான் சொல்லியிருப்பாரு. நீதான் ஏதோ ஞாபகத்துல தப்பா எழுதிட்ட, அப்படித்தானே?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அக்கா, அது ஒரு கதவு மாதிரி இருந்தது. அவரே திறந்துவிட்டார், நான் ஓடிவிட்டேன்.

உடனே அவர் ஆள் அனுப்பிப் பார்க்கச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டிலிருந்து பத்தொன்பதாம் கல் வரை பாதையை மூடிவிட்டார்கள். எனக்கு அவ்வளவு நிம்மதி. ஊக்கு குத்த உதவி செய்தேன் என்றால் பார்த்துக்கொள். அப்போதுதான் அவர் என் கண் முன்னாலேயே அப்பாவுக்குப் போன் போட்டார். மகள் வந்து திருத்திச் சொன்னாள், உங்கள் வளர்ப்பு அப்படி என்றெல்லாம் புகழ்ந்தார். பிறகு, நாளைக்கு எல்லோரையும் மேட்டுக்காட்டு வழியாகச் சுற்றி அழைத்துப் போக வேண்டும், நீங்கள்தான் முன்னால் போக வேண்டும், உங்களை விட்டால் காடு தெரிந்த ஆள் யார் என்றார். பிறகு அப்பாவின் குரல், "சரிங்க சார்" என்றது.

மேட்டுக்காட்டு வழி, வெட்டிய மரம் ஏற்றிய வண்டிகள் போன பழைய பாதை. எட்டு கிலோமீட்டர். அப்பா அதில் ஒரு தடவைகூட ஓட்டியதில்லை. அங்கே அவருக்கு எண்ணிக்கை கிடையாது. உன் டியூபும் கிடையாது. ஆற்றில் விழாமல் நாற்பத்திரண்டு பேரைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களை அப்பாவின் பின்சக்கரத்தில் கட்டிவிட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். திட்டவில்லை. கீழே இறங்கிப் பார்த்தாயா என்று மட்டும் கேட்டார். பார்த்தேன் என்றேன். எவ்வளவு உள்ளே போகிறது என்றார். என் கை முழுக்க என்றேன். எண்ணெய்க் குப்பியை அலமாரியில் வைக்கப் போனார். அலமாரி ஒரு சாண் தள்ளி இருந்தது. குப்பி தரையில் விழுந்து எண்ணெய் முழுக்க ஓடியது. நான் துணி எடுத்துத் துடைத்தேன்.

துடைத்து முடித்த பிறகு என் தலை மேல் கை வைத்துச் சொன்னார். "நாளைக்கு நீயும் வா. எனக்கு முன்னாடி போ. இடது பக்கம் வளைஞ்சா ஒரு தடவ மணி அடி, வலதுன்னா ரெண்டு. பள்ளம் வந்தா விடாம அடி. பின்னாடி வர்றவங்க, காவலர் பொண்ணுக்கு விளையாட்டுப் புத்தின்னு நெனச்சுக்கட்டும், நமக்கென்ன." சரிப்பா என்றேன். அவ்வளவுதான் அக்கா. அவர் என்னிடம் சொன்னது அவ்வளவுதான்.

இருட்டுவதற்குள் போய் அந்த வழியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். இரண்டு கிலோமீட்டர்தான் போக முடிந்தது. அதற்குள்ளேயே தலையில் இடிக்கிற கிளை மூன்று. ஓர் ஓடை. அதன் மேல் இரண்டு மரத்துண்டைப் போட்டு வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் பிடிக்க ஒன்றும் இல்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டே பாலத்தில் போய்ப் பார்த்தேன். மரத்துண்டுகளுக்கு நடுவே சக்கரம் இறங்கும் அளவுக்கு இடைவெளி. அதற்கு எத்தனை மணி அடிப்பது? அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. இருட்டிவிட்டது, காட்டுக்குள் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது, திரும்பி வந்துவிட்டேன். வழி முழுக்க யாரோ பின்னால் வருவது போலவே இருந்தது.

அப்பா இப்போது தூங்கவில்லை. தூங்குவது போல மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் மணி அடிக்கப் போவதில்லை அக்கா. ரொம்ப நேரம் யோசித்துவிட்டேன். முன்னால் போகிறவர் எங்கே போகிறாரோ அங்கேதான் பின்னால் வருகிறவர்களும் போவார்கள், யாரும் தரையைப் பார்க்க மாட்டார்கள். நான் ஒரு வளைவில் தப்பாக அடித்தால் முதலில் விழுவது அப்பா. அதனால் விடிந்ததும், அவர் சைக்கிளை வெளியே எடுப்பதற்கு முன், அவரிடம் போய், அப்பா, உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று சொல்லப் போகிறேன். விசில் சாரிடம் நான் சொல்ல மாட்டேன். அதை அப்பாவே சொல்லட்டும், நான் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். அவர் சொல்ல மாட்டேன் என்றால் என்ன செய்வது என்று தெரியவில்லை. கதவைப் பூட்டிச் சாவியை ஆற்றில் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

கண் தெரியவில்லை என்ற வாக்கியத்தை நம் வீட்டில் இதுவரை யாரும் சொன்னதில்லை. போர்வைக்குள் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தேன், பாதியிலேயே நிறுத்திவிடுகிறேன். அவர் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவாரோ. நீ பக்கத்தில் இருந்தால் உன் பின்னால் நின்றுகொண்டு சொல்லியிருப்பேன்.

இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும்போது நாங்கள் எந்த வீட்டில் இருப்போமோ தெரியாது. நீ படிப்பைப் பார்த்துக்கொள், உடம்பைப் பார்த்துக்கொள். முடிந்தால் இரண்டு நாள் லீவு கேட்டுக்கொண்டு வா. கண் ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று அவரை நான் கூப்பிட்டால் குழந்தை சொல்லுது என்று சிரித்தே தட்டிக்கழித்துவிடுவார். நீ சொன்னால் வருவார். வந்ததும் அவரிடம் எதையும் மறைத்துப் பேசாதே, என்னிடமும் வேண்டாம். நான் இப்படிச் செய்ததற்காக என்மேல் கோபப்படாதே. எனக்கும் உன்மேல் கோபம் இல்லை.

உன் தங்கை,
சுண்டெலி