மகளின் மேசை

அன்புள்ள கிளெனிஸ்,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதை மறந்து, பழைய நினைப்பில் ஐரோப்பியர் வரிசையில் நின்றுவிட்டேன். "நீங்கதான் பிரிஞ்சு போயிட்டீங்களே சார், அந்தப் பக்கம் போங்க" என்றாள் அதிகாரி. வரிசையே சிரித்தது, நானும் சிரித்துவைத்தேன்.

லண்டன் வங்கிகளிடமிருந்து யூரோ வணிகத்தை இந்த ஊர் பிடுங்குகிறது. அதற்கான புது அலுவலகங்களில் மேசை போட்டு ஒயர் இழுப்பவன் நான். இங்கே இடம் மாறி வரும் பிரிவுகளின் இன்றைய பட்டியலில் நம் பிரையனியின் பிரிவு இருந்தது. அடுத்த மாதம் லண்டனில் அதை மூடுகிறார்களாம். அவளுக்கு இன்னும் தெரியாது. ஸ்குருவைக் கீழே போட்டேன்.

"என்ன நெவில், வயசாயிடுச்சா?" என்றான் மேஸ்திரி டெட்லெஃப்.

"உங்க ஊரு காபிய குடிச்சா அப்படித்தான்."

கொஞ்சம் தேயிலை அனுப்பு. பிரையனி போன் செய்தால் இதைச் சொல்லாமல் சும்மா பேசிக்கொண்டிரு. வேன்காரன் ஹாரன் அடிக்கிறான்.

அந்த மேசைக்கு வரப்போவது நம் மகளின் வேலை என்று டெட்லெஃபிடம் நான் சொல்லவில்லை. மேசையைப் பொருத்தி முடித்தேன்.

உன்
நெவில்