இரண்டாம் சுற்று மாத்திரை

மார்ச் 3
காலையில் எனெலெஸ் எதிரில் உட்கார்ந்து மாத்திரை முழுங்கினேன். என் நாத்தனார்தான் எனக்குக் காவல். நான் முழுங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டு அட்டையில் டிக் போடுவாள். காசநோய்க்கு இது இரண்டாம் சுற்று. எச்.ஐ.வி. மாத்திரை வேறு. இருமலும் காய்ச்சலும் போகிற வழியாக இல்லை. சலித்துவிட்டது.

மகள் டிவோங்கே என் மாமியார் வீட்டுக்குப் போய்ப் பதினோரு மாதம். ஆறு வயசுப் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று நானேதான் அனுப்பினேன். சளியில் கிருமி இல்லை என்று வந்தால் கூட்டிக்கொள்ளலாம்.

மார்ச் 10
கிருமி இருக்கிறது.

மார்ச் 11
நேற்று எழுத முடியவில்லை. க்ளினிக்கில் மருத்துவ உதவியாளர் கோண்ட்வே அட்டையைப் புரட்டினார். ஒரு நாள் விடாமல் டிக். "ஒழுங்கா முழுங்கினா கிருமி எப்படிம்மா இருக்கும்?" அப்புறம் எனெலெஸிடம் திரும்பி, பார்க்காமலே டிக் போட்டாயா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அவள் பைபிள் மேல் சத்தியம் செய்தாள். நான் வாயைத் திறந்தேனா? இல்லை.

ஜனவரியில் சாவு வீட்டில் நாலு நாள் தங்கினேன். முற்றம் முழுக்கப் பெண்கள், பாயோடு பாய். அங்கே மாத்திரைப் பொட்டலத்தைப் பிரித்தால் ஊருக்கே தெரிந்துவிடும். பிரிக்கவில்லை. திரும்பி வந்து, எல்லாம் போட்டேன் என்றேன். எனெலெஸ் நம்பி நாலு டிக் போட்டாள்.

நாலே நாள் — அதனாலயா? என் பிள்ளைய வீட்டுக்கு வரவிடாம நானே பண்ணிட்டேனா?

மார்ச் 19
எனெலெஸ் இப்போது நாக்குக்கு அடியிலும் பார்க்கிறாள். "ஆ காட்டு அண்ணி. சந்தையில மாட்டுக்குப் பல்லு பாக்கறதில்லையா, கோச்சுக்காத." சிரித்தேன். பிறகு அழுகையாக வந்தது.

மார்ச் 27
சளியைத் தலைநகர் லிலாங்வேக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே கிருமியை வளர்த்துப் பார்ப்பார்களாம். ரெண்டு மாதம் ஆகுமாம். ஐநூறுக்கு மேல் இருக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி எண்ணிக்கை எனக்கு முப்பத்தெட்டு. எடை நாற்பத்து மூன்று.

ஏப்ரல் 6
அந்த நாலு நாள் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். எனெலெஸ் முற்றத்தில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மீனைப் பரப்புவதை நிறுத்தவில்லை. "அந்தாளு முன்னாடி நான் சத்தியம் பண்ணப்பவும் நீ பக்கத்துலதான நின்ன" என்றாள்.

ஏப்ரல் 20
தினமும் வந்து நிற்கிறாள், டிக் போடுகிறாள், போய்விடுகிறாள். ஒரு வார்த்தை இல்லை.

மே 2
ரொம்ப அசதி. படுத்தே கிடந்தேன்.

ஜூன் 9
முடிவு வந்துவிட்டது. புதிதாக வந்திருக்கும் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இது காசநோயே இல்லையாம். அதற்கு உறவுக்காரக் கிருமி; மண்ணிலும் தண்ணீரிலும் இருப்பது. திடமான உடம்பை அநேகமாக ஒன்றும் செய்யாது, என்னைப் போல் எதிர்ப்பு சக்தி போனவர்களைத்தான் பிடிக்கும். மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் ரெண்டும் ஒன்று போலவே தெரியுமாம்.

அந்த நாலு நாளைப் பற்றிக் கேட்டேன். ஒரு நாள் விடாமல் போட்டிருந்தாலும் அந்த மாத்திரைக்கு இது அடங்கியிருக்காது என்றார்.

"பிள்ளைக்கு ஒட்டுமா?"

"இது ஆளுக்கு ஆள் ஒட்டறது இல்லம்மா."

பிள்ளைய விட்டுப் பதினாலு மாசம். சும்மா. யாரைப் போய்த் திட்டுவேன்?

கூட வந்த எனெலெஸ் வீட்டு வாசலில் நின்றாள். "அதுக்காக நீ சொன்னது பொய் இல்லன்னு ஆயிடாது அண்ணி." பிறகு, சனிக்கிழமை தானே போய்ப் பிள்ளையைக் கூட்டி வருவதாகச் சொன்னாள்.

ஜூன் 14
டிவோங்கே நேற்று வந்துவிட்டாள். பல் ரெண்டு விழுந்திருக்கிறது. புது மாத்திரை ஆரம்பித்தாயிற்று, ஒரு வருஷத்துக்கு மேல் போட வேண்டும். இருமல் உடனே நிற்காது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

மத்தியானம் ஒரே தட்டில் சோளக்களி சாப்பிட்டோம். எனக்கு இருமல் வந்தது. நான் நிமிர்வதற்குள் அவள் எழுந்து வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். அனுப்புவதற்கு முன்னால் நான் பழக்கியதுதான்.

"அம்மா, இருமி முடிச்சிட்டியா?"

"இன்னும் இல்லடி. நீ உள்ள வா."

வரவில்லை. நான் எழுந்து வெளியே போய், அவளைப் பிடித்துக்கொண்டே இருமினேன்.