ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவே

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ நலமாக இருப்பாய் என்று எண்ணிக்கொண்டே தொடங்குகிறேன். அம்மாவின் தொண்டைக் காயம் ஆறிவிட்டது. குரல் இனி வராது என்று டாக்டர் சொன்னதை முன்பே எழுதியிருந்தேன். இப்போது சிலேட்டில் எழுதித்தான் என்னைத் திட்டுகிறாள். எழுத்து பெரிதாக இருந்தால் கோபம் அதிகம் என்று அர்த்தம்.

போன மாதம் ஒரு காரியத்தில் இறங்கினேன். இறங்கியிருக்கக் கூடாதோ என்று இன்னும் தோன்றுகிறது. நீ பிறப்பதற்கு முன் அம்மா பாடி வைத்த கேசட் மெஷினில் சிக்கி, கடைசிச் சரணம் கசங்கிப் போயிற்று. "முழுசா ஒரு தடவ கேக்கணும்" என்று எழுதிக் காட்டினாள். அதே வாத்தியங்கள், அதே கூடம், புதிதாக ஒரு பாடகி என்று வைத்துப் பதிவு செய்துவிடலாம் என்று வாயை விட்டுவிட்டேன்.

முதலில் மைக். "இது எறும்பு நடந்தாலும் புடிக்கும் சார்" என்றார் கடைக்காரர். எறும்பை நான் சோதிக்கவில்லை. மின்விசிறி, பக்கத்து வீட்டு மிக்ஸி, என் முழங்கால் சொடுக்கு எல்லாம் விழுந்தன. திருப்பிக் கொடுத்து, சாதாரண மைக் ஒன்று வாங்கினேன்.

அடுத்தது ஆர்மோனியம். கேசட்டின் சுருதி பெட்டியின் எந்தக் கட்டையிலும் நிற்கவில்லை, ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவே தொங்கியது. பெட்டியில்தான் கோளாறு என்று இரண்டு முறை மாற்றினேன். மூன்றாம் முறை போனபோது, "சார், உங்களுக்குத் தனியா ஒரு கட்டை செஞ்சுதான் வைக்கணும்" என்று கடைக்காரர் கும்பிட்டுவிட்டார். ஆறில் வைத்து, பதிவுக்காக அழைத்து வந்த பாடகியைப் பாடச் சொன்னேன். பாவம், கழுத்து நரம்பு புடைக்கப் பாடினாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாட்டின் நடுவே நம் சுவர்க்கடிகாரம் அடிப்பது உனக்கு நினைவிருக்கும். அதையும் சேர்க்கலாமே என்று பதிவுசெய்து ஒப்பிட்டேன். கேசட்டில் மணி கீச்சென்றது. கூடத்தில் கனமாக அடித்தது. கடிகாரத்துக்கு வயதாகலாம், அதன் உலோகம் குரல் மாறுமா? அப்போதுதான் உறைத்தது. அம்மா பாடிய அன்று பதிவு மெஷினின் பேட்டரி இறங்கியிருந்திருக்கிறது. நாடா மெதுவாக ஓடிப் பதிவாகியிருக்கிறது. அதை நாம் சரியான வேகத்தில் போட்டுக் கேட்டபோதெல்லாம் பாட்டு வேகமாக, மேலேறிக் கேட்டிருக்கிறது.

கணினியில் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். மணி ஒத்துப்போன இடத்தில் சுருதி நாலரைக் கட்டையில் வந்து நின்றது. உன் சுருதி.

பிரசவத்துக்குப் பிறகு குரல் இறங்கிவிட்டது, கேசட்டில் இருப்பதுதான் தன் நல்ல காலத்துக் குரல் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தாள். அந்தக் கேசட்டைப் போட்டுத்தான் உன்னை "ஏறு, இன்னும் ஏறு" என்றாள். மேடையில் உன் குரல் உடைந்தபோது, எல்லார் முன்னாலும் "எங்கேர்ந்துடி வந்துச்சு உனக்கு இந்தத் தடிச்ச குரல்?" என்று கேட்டாள். அதன் பிறகு நீ பாடவில்லை. அம்மாவிடம் பேசுவதையும் என் வழியாகவே வைத்துக்கொண்டாய்.

நேற்று மாலை, ஒன்றும் சொல்லாமல், சரிசெய்த பாட்டை அம்மாவுக்குப் போட்டேன். பல்லவி முடியும் முன்பே சிலேட்டை எடுத்து, "இவ எப்பப் பாடுனா?" என்று எழுதினாள்.

உன் குரல் என்று நினைத்துவிட்டாள். பாடியது அவளேதான் என்றேன். நம்பவில்லை. கடிகாரத்தைக் காட்டி விளக்கினேன். மறுபடி போடச் சொன்னாள். பிறகு, "அவகிட்ட" என்று எழுதினாள். மேற்கொண்டு எழுதாமல் வெகுநேரம் பலப்பத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எழுத்து மிகச் சிறியதாக இருந்தது. நான் அழிக்கவில்லை.

கடைசிச் சரணத்தை மெட்டுப் பிசகாமல் பாட அம்மாவுக்கும் உனக்கும்தான் தெரியும். அவளால் இனி எழுதிக் காட்டத்தான் முடியும், மெட்டை எப்படி எழுதுவது? உன்னைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. போனிலேயே பதிவுசெய்து அனுப்பினாலும் போதும். விசிறியை மட்டும் நிறுத்திவிடு. வர முடிந்தால், ஆர்மோனியத்தை நாலரையில் வைத்திருக்கிறேன். கடிகாரத்துக்குச் சாவியும் கொடுத்திருக்கிறேன்.

எங்கும் ஏற வேண்டாம் குட்டிம்மா. உன் குரலில் பாடு. நன்றாக இரு.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா