குடும்பத்தில் எத்தனை பேர்

ஹட்டன்,
12.11.2022

அன்பு மச்சானுக்கு,

அங்கே வந்துசேரும் அகதிகளுக்கென்று உங்கள் போனில் போட்டுக் கொடுத்த ஆப், பஸ்ஸையும் டாக்டரையும் தமிழிலேயே காட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். மனசுக்கு நிம்மதி.

ஊரில் விட்டுவந்த குடும்பத்தில் எத்தனை பேர் என்று அது கேட்க, நான், பாப்பா, அத்தை என மூன்று போட்டீர்கள். தப்பாக இருந்தால் அகதி கேஸ் கெட்டுவிடும் என்றும் எழுதியிருந்தீர்கள்.

“கேஸு முடியிற வரைக்கும் எம் மகன்கிட்ட ஒன்னும் சொல்லாத புள்ள” என்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அத்தை சத்தியம் வாங்கினார். அதனால்தான் இதுவரை எழுதாமல் இருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை தோட்டத்தில் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு எல்லோரும் மாலையோடு நம் லயத்து வீட்டுக்கு வந்தார்கள். எதற்காக நிறுத்துவார்கள் என்று அந்தப் போனுக்குத் தெரியாது.

இரண்டு என்று மாற்றிப் போடுங்கள், மச்சான்.

உங்கள் வீட்டுக்காரி