நாலாவது மூலை பிடித்தவன்

மார்ச் 4, செவ்வாய்

மழை. இருந்தாலும் டெய்லரம்மா வீட்டு மாடியில் நாலு பேரும் கூடிவிட்டோம். டெய்லரம்மா, ரிட்டயரான போஸ்ட்மாஸ்டர், பஸ் டிரைவர், கூரை வேலைக்காரனான நான். துணி வெட்டுகிற மேஜையைச் சுற்றித்தான் எங்கள் பைபிள் படிப்பு. ஒருவர் ஒரு கதையை இரண்டு தரம் வாசிப்பார். பிறகு புத்தகத்தை மூடிவிட வேண்டும். இன்னொருவர் அதை வாயால் சொல்ல வேண்டும். இல்லாததைச் சேர்த்தால் போஸ்ட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடிக் கூட்டால் மேஜையில் ஒரு தட்டு தட்டுவார். பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காத எனக்கு இது வசதி. வாசிப்புதான் தகராறு, வாய் அல்ல; இந்த நாட்குறிப்பைக்கூட ராத்திரியில் செல்போனில் பேசித்தான் வைக்கிறேன்.

இன்று நோவா கதை; பெருவெள்ளத்தில் பேழை என்கிற கூரைபோட்ட மரக்கப்பலில் தப்பினவர். நான் சொன்னேன். ஏழு தட்டு.

"நாப்பது நாள் மழைங்கய்யா. ஒரு சொட்டு ஒழுகலைன்னா, அந்தக் கூரை போட்டவன் கை எப்பேர்ப்பட்ட கை!"

"அது எங்கய்யா எழுதியிருக்கு?" டொக்.

"எழுதாட்டி என்னங்க? கூரை இருந்துச்சுல்ல?"

"கூரைக்காரரை விட்டா பேழைக்கே ஏணி சாத்திருவாரு," என்றார் டிரைவர். எல்லாரும் சிரித்தார்கள். ஏணி என்றதும் எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

மார்ச் 5

கனவு. தண்ணீர் மேல் ஓட்டுக்கூரைகள் மிதந்து போகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு புறா. எதற்கும் அடியில் வீடு இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

படிப்பு முடிந்ததும் டெய்லரம்மா ஊசியைப் பஞ்சுப் பொதியில் குத்திக்கொண்டே சொன்னார்: "அடுத்த வாரம் கூரையைப் பிரிச்சு ஒரு நோயாளியை இறக்குறாங்களே, அந்தக் கதை. அண்ணே, நீங்கதான் சொல்றீங்க. உங்க தொழில்லயே வருது பாருங்க."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

அச்சகத்துக் கூரையில் உடைந்த ஓடு மாற்றினேன். மேலே உட்கார்ந்தால் ஊர் வேறு மாதிரி. துணிக்கொடிகள், தண்ணீர்த் தொட்டிகள், ஒரு மாடியில் ஒருத்தர் நாற்காலியோடு பேசிக்கொண்டிருந்தார். மேகம் இவ்வளவு கிட்டே நகரும்போது மேகம் நிற்கிறது, நாம்தான் போகிறோம் என்று தோன்றும். மாப்பிள்ளைக்கும் அப்படித்தான் தோன்றுமாம். "மச்சான், இந்த ஸ்டாப்புல இறங்கிருவோமா?" என்பான்.

பேச்சு எங்கேயோ போகிறது. சொல்ல வந்ததைச் சொல்லு.

மாப்பிள்ளை என் தங்கை புருஷன். அதற்கு முன்பே கூட்டாளி. பதினாறு வருஷம் ஒரே ஏணியில் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் ஏணி சரிந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே அசைவில்லை, வலது கையும் பாதிதான். ஏணியைக் கட்டின கயிறு இத்துப்போயிருந்தது என்று எல்லாரிடமும் சொன்னேன். தங்கையிடமும்.

அன்றிலிருந்து வாசல் வரை போவேன். பழத்தைக் கொடுப்பேன். வேலை இருக்கு என்று திரும்பிவிடுவேன். பாவம் அண்ணன், பார்க்கத் தாங்கலை என்று அவள் நினைத்துக்கொள்கிறாள்.

மார்ச் 17

மறுபடி கனவு. இந்தத் தரம் நான் கீழே படுத்திருக்கிறேன். மேலே ஓடு ஒவ்வொன்றாக விலகி வெளிச்சம் விழுகிறது. எட்டிப் பார்க்கிற முகம் யாருடையது என்று தெரிவதற்குள் விழித்துவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

என்ன பண்ணித் தொலைச்சேன்.

டிரைவர் வாசித்தார், இரண்டு தரம். புத்தகத்தை மூடினார். நான் நன்றாகத்தான் ஆரம்பித்தேன். "நாலு பேரு படுக்கையைத் தூக்கிட்டு வராங்க. உள்ள இயேசு பேசிட்டிருக்காரு. வாசல்ல கால் வைக்க இடமில்ல. சரி, மேல ஏறுவோம்னு ஏறுறாங்க..." ஏறியதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நாலாவது மூலையைப் பிடிச்சவன் மத்த மூணு பேரு மூஞ்சியையும் பாக்கல. ஏன்னா படுக்கையில கிடக்கிறவன் விழுந்ததே இவனாலதான். 'ஏணியைக் கட்டிட்டேன், ஏறு'ன்னு சொன்னான். கட்டல. கீழ நின்னு வீட்டுக்காரங்ககிட்ட கதை அளந்துட்டிருந்தான். கதை ருசியில கயிறு மறந்துபோச்சு. அப்புறம் கயிறு இத்துப்போச்சுன்னு—"

போஸ்ட்மாஸ்டர் கூட்டை ஓங்கியிருந்தார். அது இறங்கவே இல்லை. மெதுவாகச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். டெய்லரம்மா மேஜையில் கிடந்த நூல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

எனக்கு மீதிக் கதை வரவில்லை. டிரைவர்தான் முடித்தார்: இறக்கினார்கள், அவன் எழுந்து நடந்தான். மாப்பிள்ளை நடக்கமாட்டான். எனக்குத் தெரியும்.

படியிறங்கும்போது டிரைவர் கேட்டார். "ஞாயித்துக்கிழமை எனக்கு டியூட்டி இல்ல. கூட வரட்டா?"

"எங்க?"

"சும்மா இருங்க. மாப்பிள்ளை வீட்டுக்குத்தான்."

"வேண்டாங்க."

"தெருமுனை வரைக்கும்?"

"...சரி."

மார்ச் 23, ஞாயிறு

டிரைவர் தெருமுனையில் நின்றார். நான் உள்ளே போய், இரண்டு வருஷத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். தங்கை மகிழ்ந்துபோய் காபி போடப் போனாள். அவள் வந்து நின்ற பிறகு சொன்னேன். அவளும் கேட்க வேண்டுமே.

"ஏணியை நான் கட்டலை மாப்ளே. கயிறு இத்துப்போகல."

அவன் உத்தரத்தைப் பார்த்தபடி இருந்தான். "தெரியும் மச்சான். விழுந்த இடத்துல என் கண்ணுக்கு நேராத்தானே கிடந்துச்சு, சுருட்டுன கயிறு. நீ ஓடி வர்ற வரைக்கும் அதையே பாத்துட்டுக் கிடந்தேன்."

"தெரிஞ்சுமா இத்தனை நாள்..."

"உன் வாயாலயே வரட்டும்னு பாத்தேன். ஊரு கதையெல்லாம் வாயோயாம சொல்றவன், இந்தக் கதைக்கு ரெண்டு வருஷம் எடுத்துக்கிட்டே."

தங்கை காபித் தம்ளரை என் கையில் தரவில்லை. உள்ளே எடுத்துப்போய்த் தொட்டியில் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

மார்ச் 25

டெய்லரம்மா எதுவும் கேட்கவில்லை. இன்று என்னைக் கதை சொல்லவும் சொல்லவில்லை. வாசிக்கச் சொன்னார். எழுத்தைக் கூட்டிக் கூட்டி நாலு வரி. யாரும் அவசரப்படுத்தவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

போனேன். கதவு திறக்கவில்லை. உள்ளே அவள் நடக்கிற சத்தம் கேட்டது. வாசலிலேயே அரை மணி நேரம். ஒரு எறும்பு வரிசை சுவரில் மேலே போய்க்கொண்டே இருந்தது, எங்கே போகிறது என்று கடைசி வரை தெரியவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்றும் திறக்கவில்லை. திரும்பிப் போகப் பார்த்தேன். உள்ளேயிருந்து மாப்பிள்ளை கத்தினான். "மச்சான்தானே? அவனை உள்ள விடு. இனி அவனே எனக்குச் சிரைக்கட்டும். நீ சிரைச்சுச் சிரைச்சு கன்னமெல்லாம் வரப்பு வெட்டின மாதிரி இருக்கு."

கதவு திறந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. சுடுதண்ணீரும் சோப்பும் சவரக் கத்தியும் துண்டும் கொண்டுவந்து வைத்தாள்.

ஒரு கன்னம் முடித்தேன். மறு கன்னத்துக்கு வரும்போது மாப்பிள்ளை தூங்கிப்போனான். கழுத்து முழுக்க நுரை. மூச்சு ஏறி இறங்க நுரையும் ஏறி இறங்கியது. கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியவில்லை. எழுப்பவும் மனசில்லை, தொடவும் கை வரவில்லை.

தங்கை அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரமாக ஒரு வார்த்தை கிடையாது.

"தொண்டைக்குழிக்கிட்ட மெதுவா," என்றாள். "அங்க ஒரு மச்சம் இருக்கு."