கஜிவாரா அம்மாவின் கை

நவம்பர் 4

மேட்டுத் தெரு கஜிவாரா அம்மா வந்திருந்தார். அவருடைய புல்கூரை வீட்டை இடிக்கிறார்கள்; டிசம்பர் பத்தாம் தேதி ஃபுகுவோகாவில் மகன் வீட்டுக்குப் போகிறார். அடுப்புக்கு மேலே நூறு வருடம் புகை குடித்த கூரை மூங்கிலில் தேறியது ஒரே ஒரு முழம். கருந்தேன் நிறம், கயிறு கட்டியிருந்த இடங்கள் மட்டும் வெளுப்பு. அதில் ஒரு பேனா வேண்டுமாம், போகிற இடத்துக்கு வீட்டிலிருந்து ஏதாவது இருக்கட்டும் என்று.

வழக்கப்படி பெயரையும் முகவரியையும் பத்து முறை எழுதச் சொன்னேன். நான் தாளைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பேன். விறைத்த வலது கை. அதன் ஓரமெல்லாம் மை. எழுதிப் பழக்கமில்லாதவர், அவ்வளவுதான். முப்பது வருடமாகக் கை பார்க்கிறேன், தப்பியதில்லை.

நவம்பர் 9

மூங்கில் முழு வட்டம் என்று நினைப்பவன் அதைக் கடைசல் எந்திரத்தில் ஏற்றிப் பார்க்கட்டும். மையத்தை மயிரிழை தள்ளிப் பிடித்தால்தான் புகைத்தோல் பிழைக்கும். பிழைத்தது. வலது கட்டைவிரல் உட்கார அரத்தால் ஒரு பள்ளம். என் கைவேலையில் இதுதான் உச்சம் என்று மனைவியிடம் சொன்னேன். போன மாதமும் அதையே சொன்னேனாம்.

நவம்பர் 12

கொடுத்தாயிற்று. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நவம்பர் 24

பேனா பழகிவிட்டதா என்று பார்க்கப் போனேன். பூஜை மாடத்தில், கணவர் படத்துக்கு முன்னால் கிடக்கிறது! செத்தவருக்கா செய்தேன்? கோபம் வந்தது. கேட்கலாம் என்று சமையலறைக்குப் போனால், காயப்போட முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருக்கிறார். இடது கையில். காகிதம் மாதிரி விழுகிறது ஒவ்வொரு துண்டும்.

"எழுதவும் இந்தக் கைதானாம்மா?"

"பள்ளிக்கூடத்துல இந்தக் கையைத் துணியால கட்டி வச்சுட்டாங்க தம்பி. ஆறு வயசு. எழுதறதுக்கு அது இல்லைன்னே ஆயிப்போச்சு."

என்ன கை பார்த்தேன் நான்? பார்க்க வேண்டிய கை மடியில் கிடந்தது.

நவம்பர் 25

இடது கைக்கு இன்னொரு பேனா செய்ய அந்த மூங்கிலில் மிச்சமிருப்பது ஒரு சாண். நீளத்துக்கு விரிசல். கடைசலில் வைத்தால் பிளக்கும். வேறு மூங்கிலில் செய்யலாம், ஆனால் அது அவர் வீடு இல்லை.

நவம்பர் 26

மனைவி யசுயே பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கூரையில கட்டித்தானே நின்னுச்சு? இப்பவும் கட்டுங்க."

எனக்குத் தோன்றவில்லையே! பழைய கயிற்றின் வெளுத்த தடத்தின் மேலேயே பட்டு நூல் சுற்றி, அரக்குப் பூசினேன்.

டிசம்பர் 3

அரக்கு இறுகிவிட்டது. கடைசலை மெதுவாக ஓட்டினேன். பிளக்கவில்லை. பள்ளம் இந்த முறை இடது விரலுக்கு.

டிசம்பர் 8

கொடுத்தேன். தப்பு என்னுடையது என்று சொல்லித்தான் கொடுத்தேன். இடது கையில் வாங்கிப் பிடித்தார். எழுதவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்பதுபோல் வாசலைப் பார்த்தார். பழையதைத் திருப்பிக் கேட்டேன்.

"அது அவருக்கே இருக்கட்டும். அவர் வலது கைக்காரர்."

டிசம்பர் 15

வருகிறவர்கள் பெயர் எழுதிக் காட்டும் தாளுக்குப் பக்கத்தில் யசுயே ஒரு முள்ளங்கியும் கத்தியும் வைத்திருக்கிறாள். கிண்டல்தான். இருந்தாலும் நான் அதை எடுக்கவில்லை.

ஜனவரி 1

புத்தாண்டு அட்டைகள் வந்தன. ஒன்று ஃபுகுவோகாவிலிருந்து. என் பெயர் கோணல்மாணலாக மேலிருந்து கீழே இறங்குகிறது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து. எங்கள் எழுத்தில் வரிகள் வலமிருந்து இடமாகத்தான் போகும்; வலது கை எழுதிய மைமேலேயே உராய்ந்து வரும். இவருடைய இடது கையோ மையைத் தொடாமல் முன்னால் போயிருக்கிறது. மை இழுபட்ட தடம் ஒன்றுகூட இல்லை.